பனிக்கடலின் கடைமடை

"தென்துருவக் கடலில் எவனோ கூனி வாரிப் போகிறான், அமராவதிக் கரையில் நெல் நடும் கொமரலிங்கத்தானுக்கும், திருப்பூரில் பனியன் தைக்கும் தொழிலாளிக்கும் அதனால் ஆவதென்ன?" என்று கேட்போர் உளர். கேட்போர் அனைவரும் விவரம் அறியாதவர் அல்லர். டில்லியில் கோப்பு புரட்டுவோரும் இதே கேள்வியைத்தான், சற்று நாகரிகமான மொழியில் கேட்கின்றனர். ஆகவே விடை கூறியாக வேண்டும்.

அந்தக் கூனிக்குக் கிரில் என்று பெயர். ஆறு சென்டிமீட்டர் வளரும். எடை ஒன்றிரண்டு கிராம். நம் சந்தைக்கு வந்தால் கூறு கட்டி விற்கப்படும் அளவுதான். ஆனால் பென்குயினும், கடல்நாயும், உலகிலேயே பெரிய உயிராகிய நீலத் திமிங்கிலமும் அதை உண்டே உயிர் வாழ்கின்றன. அதைத்தான் இராட்சதக் கப்பல்கள் குழாய் வைத்து உறிஞ்சுகின்றன. யாருடைய பசி தீர்க்க? வளர்ப்புச் சால்மன் மீனுக்குத் தீவனம். வசதி படைத்தோர் விழுங்கும் எண்ணெய்க் குளிகை! பசித்த ஏழையின் தட்டுக்கு இதில் ஒரு பிடியும் வருவதில்லை.

இதற்கு வரம்பு இல்லையா? உண்டு. 1980-இல் கையெழுத்தாகி 1982-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி, ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் ஓர் ஆணையம் இயங்குகிறது. அண்டார்டிகக் கடலின் உயிர்வளத்தைக் காப்பது அதன் பணி. இந்தியா 1986 முதல் அதில் உறுப்பினர். அட்லாண்டிக் பக்கத்துப் பனிக்கடலில் ஆண்டுக்கு 6,20,000 டன்னுக்கு மேல் கிரில் பிடிக்கலாகாது என்பது விதி. அதையும் ஒரே இடத்தில் வாரிவிடாதிருக்க, 2009-இல் பகுதிவாரியாகப் பங்கு பிரித்தனர். பென்குயின்கள் குஞ்சு பொரிக்கும் தீபகற்பப் பகுதிக்கு 1,55,000 டன்தான் உச்சவரம்பு. நல்ல ஏற்பாடு. ஆனால் 2024-இல் அந்தப் பங்கீட்டைப் புதுப்பிக்க ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை, பங்கீடு காலாவதியாயிற்று. விளைவு என்ன? 2025-இல் கப்பல்கள் தீபகற்பத்தைச் சுற்றி மொய்த்தன. வரலாற்றில் முதன்முறையாக மொத்த வரம்பும் தொடப்பட்டு, பருவம் முடியுமுன்பே மீன்பிடிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று.

"பதற்றம் எதற்கு? 2019-இல் எடுத்த கணக்குப்படி அந்தக் கடலில் 6 கோடியே 26 லட்சம் டன் கிரில் இருக்கிறதே! நூற்றில் ஒரு பங்கைத்தானே எடுக்கிறோம்?" என்று வாதிடுகின்றனர் கம்பெனிக்காரர்கள். கணக்கு பிழையன்று, பயன்படுத்தும் விதம்தான் சூழ்ச்சி. இந்தச் சூழ்ச்சியை நமது பகுதி உழவனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கொமரலிங்கம் வாய்க்கால், 1957-இல் அமராவதி அணை எழுவதற்கு முன்பே பாய்ந்த பழைய ஆயக்கட்டு வாய்க்கால்களில் ஒன்று. அணை நிரம்பி வழிகிறது என்று அதிகாரி அறிக்கை விட்டால் கடைமடை வயல் நனைந்துவிடுமா? தலைமடைக்காரன் மடையைத் திறந்து வைத்துக்கொண்டால், அணையில் எத்தனை அடி நீர் நின்றும் கடைமடைக்காரனுக்குப் பயனில்லை. குஞ்சுக்கு இரை தேடும் பென்குயின், கூட்டிலிருந்து எட்டிய தூரம்தான் செல்ல முடியும். அந்த எல்லைக்குள் வந்து கப்பல் உறிஞ்சினால், ஆயிரம் மைலுக்கு அப்பால் கோடி டன் கிரில் இருந்தும் அந்தக் குஞ்சு சாகும். பனிக்கடலின் கடைமடை அதுதான்.

முன் அனுபவம் இல்லாமலும் இல்லை. தெற்கு ஜார்ஜியாத் தீவையொட்டி நோட்டோதீனியா என்னும் மீன் கொழித்திருந்தது. 1969-70 பருவத்தில் மட்டும் ஏறத்தாழ 4,00,000 டன் வாரினர். ஒன்றிரண்டு ஆண்டுகளில் மீன் அற்றுப்போயிற்று. 1985-இல் தடை வந்தது, மீன் போன பிறகு! வாரியவை சோவியத் கப்பல்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். இலாப வேட்டைக்கார முதலாளி மட்டுமல்ல, செங்கொடி பறந்த கப்பலும் கணக்கில்லாமல் வலை வீசினால் கடல் வெறுமையாகத்தான் செய்யும்.

எண்ணுமுன் எடுப்பது, கெட்டபின் அளப்பது: இது திருப்பூர் வட்டாரம் கண்ணீரோடு கற்ற பாடம். நொய்யலில் பாசனத்துக்கென 1992-இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளில் சாயக் கழிவுத் தொட்டியாயிற்று. சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது 2011-இல். அதற்குள் கிணறும் மண்ணும் என்ன கதியாயின என்பதை அக்கரையோர மக்களைக் கேட்டால் சொல்வர்.

அப்படியானால் பனிக்கடலில் எண்ணுவது யார்? கேள்வியின் உயிர்நிலை இதுவே. மேலே சொன்ன 2019 கணக்கெடுப்பை முன்னின்று நடத்தியது, கிரில் பிடிப்பதில் முதலிடம் வகிக்கும் நார்வே. கிரில் கம்பெனிகளின் சங்கமும் அதில் பங்குகொண்டது. பொய்க் கணக்கு எழுதினர் என்று நாம் பழி கூறவில்லை. விஞ்ஞானிகள் தம் கடமையைச் செய்தனர். ஆயினும் கப்பல் யாரிடம் உண்டோ, கணக்கும் அவரிடமே. எங்கே எண்ணுவது, எப்போது எண்ணுவது என்பதும் அவர் விருப்பமே.

நம்மிடம் என்ன இருக்கிறது? 1981-இல் காசிம் தலைமையில் 21 பேர் முதற்பயணம் புறப்பட்டபோது, ஏறிச் சென்றது வாடகைக்கு எடுத்த நார்வேக் கப்பல். பிறகு மைத்ரி வந்தது. 2012-இல் பாரதி வந்தது. பனிக்கட்டிமேல் கொடி பறக்கிறது. 2024-இல் அண்டார்டிக ஒப்பந்த நாடுகளைக் கொச்சிக்கு அழைத்து விருந்தும் வைத்தோம். ஆனால் சொந்தத் துருவ ஆராய்ச்சிக் கப்பல் இல்லை. 2025 ஜூனில்தான் கல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் தளம் முதற்கப்பலுக்காக ஓர் ஒப்பந்தம் செய்தது. யாரோடு? மீண்டும் ஒரு நார்வேக் கம்பெனியோடு! தொழில்நுட்பம் தெரிந்தவரிடம் கற்பதில் வெட்கமில்லை. நாற்பது ஆண்டு கடத்தியதில்தான் வெட்கம்.

"எல்லாரும் வாருகிறார்கள், நாமும் போய் நம் பங்கை வாருவோம்" என்ற குரலும் அவ்வப்போது எழுகிறது. ஏழை நாட்டின் உரிமை என்று அதற்கு முலாம் பூசுகின்றனர். எந்த ஏழை? இராமேசுவரத்து மீனவனா பனிக்கடலுக்குக் கப்பல் விடப் போகிறான்? அவனோ ஆண்டுதோறும் 61 நாள், மீன் இனம் பெருகட்டும் என்று விசைப்படகைக் கரையில் கட்டிவிட்டு, அரசு தரும் சொற்ப உதவித்தொகையில் அடுப்பெரிக்கிறான். அவனுக்கு ஒரு நீதி, மூலதனக் கப்பலுக்கு வேறு நீதியா?

ஹோபார்ட் ஆணையத்தில் 27 உறுப்பினர். ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் செல்லாது. சீனாவும் ரஷ்யாவும் அந்த மறுப்பைக் கொண்டே புதிய பாதுகாப்புப் பகுதிகளை ஆண்டுக்கணக்கில் முடக்கி வருகின்றன. "இன்னும் ஆராய்ச்சி தேவை" என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் சாக்கு. ஆராய்ச்சியின் பெயரால் ஆராய்ச்சியின் முடிவையே தள்ளிப்போடும் தந்திரம் இது! இதை முறியடிக்க உணர்ச்சிப் பேச்சு உதவாது. நாமே எடுத்த கணக்கு கையில் வேண்டும். கிழக்கு அண்டார்டிகாவில் பாதுகாப்புப் பகுதி அமைக்கும் யோசனைக்கு 2021-இல் இந்தியா ஆதரவு தெரிவித்தது, பாராட்டுகிறோம். பாரதி நிலையம் அந்தக் கரையில்தான் நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள கடலில் பென்குயினையும் கிரிலையும் ஆண்டுதோறும் எண்ணி, அந்த ஏட்டை ஹோபார்ட்டில் விரித்து வைப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. விஞ்ஞானிக்குப் பணமும் கப்பலும் தந்தால் போதும்.

ஆணையம் அக்டோபர்தோறும் கூடுகிறது. தீபகற்பப் பங்கீட்டைத் திரும்பக் கொண்டுவர அங்கே நமது பிரதிநிதி என்ன பேசப் போகிறார், எந்தக் கணக்கைக் கையில் கொண்டு பேசப் போகிறார் என்பதைப் புவி அறிவியல் அமைச்சகம் முன்கூட்டியே நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39 உறுப்பினர்கள் இருக்கின்றனர். கேள்வி நேரமும் இருக்கிறது.