போனைப் பிடித்தால் பிட்காயின் சிக்குமா?

சாத்தாங்காடு மாதிரி சாதாரண ஸ்டேஷனுக்கு கிரிப்டோ மோசடிப் புகார் வந்தாலும், ஐ.டி. சட்டம் 78-வது பிரிவுப்படி இன்ஸ்பெக்டரே விசாரிக்கலாம். சிக்கல் எங்கே? போனைப் பறிமுதல் செய்தாலும் காயின் கைக்கு வராது. 12 அல்லது 24 வார்த்தைகள் கொண்ட ‘சீட் பிரேஸ்’ கூட்டாளியிடம் இருந்தால், எங்கிருந்தோ அவர் நிமிடங்களில் காயினை மாற்றிவிடுவார். எனவே சோதனையில் டைரி, துண்டுச்சீட்டையும் விடக்கூடாது.

நிபுணரிடம் ஒப்படைத்தால் போதாதா? புனேவில் 2018 பிட்காயின் மோசடி வழக்கில் போலீசுக்கு உதவ வந்த முன்னாள் ஐபிஎஸ் அதிகாரியும் சைபர் நிபுணரும், குற்றவாளிகளின் வாலட்டிலிருந்தே காயினைச் சுருட்டியதாக 2022 மார்ச்சில் கைதானார்கள்!

கைப்பற்றுவதை வீடியோ எடுப்பது பிஎன்எஸ்எஸ் 105-வது பிரிவுப்படி கட்டாயம். எந்த முகவரியிலிருந்து எதற்கு எவ்வளவு காயின் போனது என்பதை மகஜரில் விசாரணை அதிகாரியே எழுதி வைக்கணும்.