ஆராய்ந்து தெளிதல்

பொதிகையில் தோன்றித் திருநெல்வேலிச் சீமையை வளப்படுத்தும் தாமிரபரணியின் நீர் நோய் தீர்க்கும் என்பது முன்னோர் நம்பிக்கை. அம்மலையின் மூலிகைகளுக்கும் அத்தகைய புகழ் உண்டு. “இதனை உண்டேன், நோய் நீங்கிற்று” என ஒருவர் உரைத்தால், அது சான்றாகுமோ? ஆகாது; தாமே தணியும் நோய்களும் உள அன்றோ?

மெய் காணும் நெறிக்குச் சென்னையில் ஒரு சான்று உண்டு. காசநோயாளர் மருத்துவமனையில் தங்கி, நல்லுணவும் ஓய்வும் பெற்றாலன்றி நலமுறார் என்று மருத்துவர் பலரும் கருதியிருந்தனர். 1956ஆம் ஆண்டு அங்கு நிறுவப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையத்தார் அக்கருத்தையே சோதிக்க முற்பட்டனர். விருப்பு வெறுப்பு நுழையாவண்ணம், சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் நோயாளரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வீட்டிலும், மற்றையோர் மருத்துவமனையிலும் இருந்து, ஓராண்டுக் காலம் ஒரே வகை மருந்துகளை உண்டனர். முடிவு 1959இல் வெளிவந்தது. எளிய உணவுண்டு, நெருக்கமான வீடுகளில் வாழ்ந்தோரும் ஏறக்குறைய அவ்வளவே நலம் பெற்றனர். உடனுறைந்தோர்க்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. இதனால் ஏழையரும் தம் இல்லத்திலிருந்தே பிணி தீரும் வழி பிறந்தது.

ஐயுறுதல் இகழ்தல் அன்று. பெரியோர் கருத்தாயினும், பொதிகை மூலிகையாயினும், ஒப்பிட்டு ஆராய்ந்து ஏற்பதே உயிர் காக்கும் அறிவாகும்.