கொழுந்து லொறிக்கு அரைகுறை பிரேக் வேலை வேண்டாம்

கொழுந்து ஒரு கிலோ குறைந்தால் நமக்கு அரைப்பேர் போடுகிறார்கள். தராசில் தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கிறார்கள. ஆனால் அந்தக் கொழுந்தையும் மலைக்குப் போகும் நம்மையும் ஏற்றி இறங்கும் லொறியின் பின் பிரேக் பாதிக்கு மேல் தேய்ந்த பிறகும் அதற்கு மட்டும் முழுப்பேர் போடுகிறார்கள். இது எந்த ஊர்க் கணக்கு?

தோழர்களே, தாய்மாரே, இது மெக்கானிக் பார்க்க வேண்டிய விஷயம், நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். லொறியின் பின்னால் நிற்பது மெக்கானிக் அல்ல, நாம்தான்.

தோட்டங்களில் ஓடும் லொறிகளில் பல 20, 30 வருடம் உழைத்தவை. கேட்டால் நிர்வாகம் ஒரு சாக்கு வைத்திருக்கிறது: 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது, புது லொறிக்கு எங்கே போவது? நாம் புது லொறி கேட்கவில்லை. லொறி பழசாக இருப்பது குற்றமில்லை. பழைய லொறிக்கான டிரம், லைனிங், சிலிண்டர் ரப்பர் எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். துரையின் ஜீப்புக்குச் சாமான் வேண்டுமென்றால் மறுநாளே ஆள் போகிறதே!

இந்த லொறிகளின் பின் சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக். மிதியை மிதித்தால் பிரேக் ஒயிலின் அழுத்தத்தில் உள்ளே இரண்டு சூக்கள் விரிந்து, சுழலும் டிரம்மில் அழுந்தும். அந்த உரசலில்தான் வண்டி நிற்கிறது. மலையிறக்கத்தில் விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதிக்கும், விரியும், சூவை விட்டு விலகும். சூடேறிய லைனிங்கின் பிடிப்பும் குறையும். பிரேக் ஒயிலும் காலம் போகப்போக ஈரத்தை இழுக்கும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை சூட்டில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியதோ 140 பாகையிலேயே கொதித்துக் குமிழியாகிவிடும். குமிழி வந்த பிறகு மிதி பலகை வரை போகும், வண்டி நிற்காது. டீசல் மிச்சம் பிடி என்று டிரைவர்மாரை நெருக்கி, இறக்கத்தில் நியூட்டரலில் விடப் பழக்கியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கியர் இல்லாத வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில்தான் விழுகிறது.

2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் பேருந்து மோதி 7 பேர் செத்ததை நாம் மறக்கவில்லை. நம் தோட்டத்துப் பாதைகள் அதைவிடச் செங்குத்து. கல் பெயர்ந்தவை, ஓரத்தில் மதில் இல்லாதவை.

இனி நடக்கும் வேலையைப் பாருங்கள். ஒரு தோட்டத்தில் பின் வலது சக்கரத்தின் உள்ளே ஒயில் கசிந்து லைனிங் நனைந்துவிட்டது. டிரைவர் எழுதிக் கொடுத்தார். வேர்க்‌ஷொப்பில் சூவைக் கழற்றி, பெற்றோலில் கழுவி, வெயிலில் காயவைத்துத் திரும்பப் பூட்டினார்கள். கசிந்த சீல் அப்படியே. இடது பக்கத்தைத் திறந்தும் பார்க்கவில்லை. பில்லில் மட்டும் "பிரேக் திருத்தம்" என்று இருந்தது.

ஒயில் குடித்த லைனிங்கைக் கழுவிப் பயனில்லை. சூடேறியதும் ஊறிய ஒயில் மேலே வரும். அதைத் தூக்கிப் போட வேண்டும். மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கினால் மழைநாளில் லொறியின் பின்பகுதி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். ரிவெட் அடித்த லைனிங் தேய்ந்து ரிவெட் தலை டிரம்மைக் கீறியிருந்தால் டிரம்மையும் அளக்க வேண்டும். எவ்வளவு அகலம் வரை கடையலாம் என்ற அளவு பெரும்பாலான டிரம்களில் வார்ப்பிலேயே இருக்கிறது. அதைத் தாண்டியதையும், வெடிப்பு ஓடியதையும் லேத்தில் போட்டு மினுக்கிக் கொடுப்பது வேலை அல்ல, ஏமாற்று. சிலிண்டர் ரப்பர், இழுவை ஸ்பிரிங், ஹப் சீல் எல்லாம் புதிது. கடைசியில் புது ஒயில் ஊற்றிக் காற்றெடுத்து, சூவின் இடைவெளி சரிபார்த்து, பாரம் ஏற்றாமல் ஓட்டிப் பார்த்த பிறகுதான் லொறி மலைக்கு வரலாம்.

வேர்க்‌ஷொப்பில் வேலை செய்கிறவரும் நம் தொழிலாளிதான், அவர் உயிரையும் பேச வேண்டும். பழைய லொறிகள் பலவற்றில் ஹப்பைக் கழற்ற முதலில் அக்சில் தண்டை உருவ வேண்டும். ஹேண்ட் பிரேக் கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் வண்டியில், தண்டை உருவிய அந்த நிமிடமே ஹேண்ட் பிரேக் செத்துவிடும். முன் சக்கரங்களுக்குச் சரியான கட்டை இல்லையென்றால் லொறி நகரும். ஜாக்கை மட்டும் நம்பி, சரிவான மண் தரையில், கருங்கல்லை முட்டுக் கொடுத்து வேலை வாங்குகிறார்கள். சமதளமான கொங்கிறீட் தரையும் இரண்டு ஸ்டாண்டும் கேட்டால் செலவாம். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதச் சொல்கிறார்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கும், அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும், முகமூடி தர வேண்டும்.

லொறி கவிழ்ந்தால் விசாரணை எப்படி முடியும் என்று நமக்குத் தெரியும். "சாரதியின் கவனயீனம்." எழுதிக் கொடுத்த கடிதம் காணாமல் போயிருக்கும். லொறிக்கு வருடாந்தத் தகுதிச் சான்றிதழ் இருக்கிறது என்று காட்டுவார்கள். சோதித்த அன்றைக்குப் பிரேக் பிடித்தது என்பதற்கே அது சாட்சி. அதன் பிறகு எத்தனை நடை, எத்தனை மழை? வேலையில் காயப்பட்டால் நட்டஈடு என்று 1934 இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தப் பணத்துக்காக ஒரு குடும்பம் அலையும் அலைச்சலில் நூறில் ஒரு பங்கு பட்டாலே சீல் மாற்றிவிடலாம். (கொழுந்து லொறியில் ஆட்களை ஏற்றுவதே சரியா என்பது தனிச் சண்டை. அதையும் விடப் போவதில்லை.)

நாம் கேட்பது இவைதான். ஒவ்வொரு லொறிக்கும் ஒரு திருத்தக் கொப்பி வேண்டும், தோட்டத் தலைவர் கேட்டால் அதைக் காட்ட வேண்டும். பிரேக் குறை என்று டிரைவர் எழுதிய லொறி, மெக்கானிக் கையெழுத்துப் போடும் வரை நகரக் கூடாது. எடுக்க மறுத்த டிரைவருக்கு அன்றைய பேர் வெட்டக் கூடாது. கழற்றிய பழைய சூவையும் டிரம்மையும் கமிட்டி பார்க்கும் வரை எறியக் கூடாது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும் தலைவர்மார் தங்கள் தோட்ட லொறியின் இலக்கம், பின் பிரேக் கடைசியாகக் கழற்றிய திகதி, மாற்றிய சாமான்கள், இன்னும் கசிவு உண்டா இல்லையா என்று டிரைவரிடம் கேட்டு எழுதிக் கொண்டு வரவும். நான்கில் ஒன்றுக்குக்கூடப் பதில் கிடைக்காத தோட்டத்தின் துரைக்கு முதல் கடிதம் போகும்.