596 நல்லவர்கள், ஒரு சிடுமூஞ்சி!

அமெரிக்காவின் மான்டானா மாநிலம். கனடா எல்லைக்குக் கொஞ்சம் கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோதுமை வயல். நடுவில் ரட்யார்டு என்று ஒரு குட்டி ஊர். அதன் வரவேற்புப் பலகை சொல்வது இது: '596 நல்லவர்கள், ஒரு கிழட்டுச் சிடுமூஞ்சி!'

இதே மாதிரி ஒரு போர்டை உங்கள் ஆபீஸ் வாசலில் மாட்டினால், அந்த ஒருத்தர் யார் என்று மேனேஜரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிடும்!

ரட்யார்டுக்கு மேயர் கிடையாது. கவுன்சிலர் கிடையாது. சட்டப்படி நகராட்சியாகப் பதிவு செய்துகொள்ளாத ஊர் அது. போலீஸ், ரோடு எல்லாம் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஹாவர் நகரத்து கவுன்ட்டி ஆபீஸ் பொறுப்பு. ஆக, ஊருக்குள் போர்டு போட்டு அறிவித்த ஒரே பதவி சிடுமூஞ்சிதான்.

ஊரைப் பெற்றது ரயில். ஜேம்ஸ் ஜே. ஹில் என்பவர் தன் 'கிரேட் நார்தர்ன்' பாதையை 1893-ல் பசிபிக் கரை வரை இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் ஸ்டேஷன் முளைத்தது. பெயர்களைக் கேளுங்கள்... இன்வர்னஸ், கிரெம்ளின், ஜூரிக்! உலக உருண்டையைச் சுற்றிவிட்டு, கண்ணை மூடி விரல் வைத்தார்களாம். கதைதான், ஆனால் நம்பலாம் போலிருக்கிறது.

1909-ல் சர்க்கார், 'வந்து உழு, 320 ஏக்கர் இலவசம்' என்றது. கூட்டம் குவிந்தது. 1917-லிருந்து மழை கைவிரித்தது. பலர் மூட்டை கட்டினார்கள். தாக்குப்பிடித்தவர்கள் அந்த நிலங்களையும் வாங்கிப்போட்டார்கள். டிராக்டர் பெரிசாகப் பெரிசாக, வேலைக்கு ஆள் தேவைப்படவில்லை.

பி.காம். கணக்கில் இது சுத்த லாபம். ஆனால், வயல் பெருத்தால் வகுப்பு இளைக்கும். ஒன்றோடொன்று போட்டி போட்ட பக்கத்து ஊர் ஹைஸ்கூல்களை எல்லாம் சேர்த்து, இப்போது ரட்யார்டில் இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் போனால், இளம் குடும்பம் ஏன் அங்கே தங்கப்போகிறது?

2010 கணக்கெடுப்பில் ஜனத்தொகை முந்நூறைக்கூடத் தொடவில்லை. போர்டில் மட்டும் அதே 596! ஆடிட்டர் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்.

விழ வேண்டாம் சார். பாலன்ஸ் ஷீட்டில் 'குட்வில்' என்று ஒரு அயிட்டம் உண்டே... கையால் தொட முடியாது, ஆனால் சொத்து. மிச்சத்தை அந்தத் தலைப்பில் எழுதிக்கொள்ளலாம்.

நல்லவர்கள் எண்ணிக்கைதான் கூடும், குறையும். சிடுமூஞ்சி போஸ்ட் மட்டும் எந்த ஊரிலும் காலியாக இருந்ததே இல்லை!