கை பலமா, கயிறு பலமா?

இந்த முறை நான் எழுதப்போவது ஒரு சண்டையைப் பற்றி.

போன மாதம் பி.டி. பீரியடில் வாலிபால் நெட் கட்டினார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றைப் பிடிக்கப் போனோம். "உங்களுக்கு ஏது பலம், போய் உக்காருங்க" என்று பையன்கள் விரட்டிவிட்டார்கள். அதே வாரம் வகுப்பில் 2024 பாரீஸ் ஒலிம்பிக் விண்ட்சர்ஃபிங் வீடியோ பார்த்தோம். (போட்டி நடந்தது மார்சேய் கடலில்.) ஆண்களுக்கு 9 சதுர மீட்டர் பாய், பெண்களுக்கு 8 சதுர மீட்டர் என்று சார் சொன்னதுதான் தாமதம், "பாத்தீங்களா, பொண்ணுங்களுக்குக் குறைச்சுக் குடுத்திருக்காங்க" என்று பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. படித்துவிட்டு இப்போது சொல்கிறேன்.

விண்ட்சர்ஃபிங் என்பது ஒரு பலகை, அதன் மேல் எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஒரு பாய்மரம், அவ்வளவுதான். சுக்கான் கிடையாது. பாயை முன்னால் சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும், பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். அதனால் பாய் எப்படியோ ஆளும் அப்படித்தான். 1964இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நியூமன் டார்பி செய்த பலகையில் பாய் பட்டம் மாதிரி இருந்தது. ஓட்டுகிறவர் பாய்க்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். 1968இல் கலிபோர்னியாவில் ஜிம் டிரேக்கும் ஹாயில் ஷ்வைட்சரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பலகையில் முக்கோணப் பாய், அதைச் சுற்றி வளைந்த பிடிகட்டை. அதற்குப் பெயர் பூம். இப்போது ஆள் மறுபக்கம் வந்து, பாயைப் பார்த்து நின்று, பின்னால் சாய்ந்து தொங்க வேண்டியதாயிற்று. பாயோட வடிவம் மாறினதும் மனுஷன் நிக்கிற பக்கமே மாறிப்போச்சு பாருங்க!

அந்தக் காலத்துப் பாய் வெறும் துணிதான். பலமான காற்று வந்தால் பாயின் வயிறு பின்பக்கம் நகர்ந்துவிடும். இழுப்பு முழுக்கப் பின்கைக்கு வரும். கை கடுத்துப்போய் விட்டுவிடுவார்கள். கை பலம் வேண்டும் என்ற பேச்சு அந்தப் பாய்க்குப் பொருந்தும். இப்போதைய பாய் வேறு. குறுக்கே முழு நீளத்துக்குப் பட்டைக் குச்சிகள் செருகியிருக்கும். பாயின் அடியில் டவுன்ஹால் என்று ஒரு கயிறு. அதை நன்றாகக் கீழே இழுத்துக் கட்டினால் பாய்மரம் வில் மாதிரி வளையும். பாயின் மேல்பகுதி, பின் ஓரத்தில், தொளதொள என்று ஆகிவிடும். அதுதான் வேண்டும். காற்று திடீரென்று கூடினால் மேல்பகுதி தானாகத் திருகிக்கொடுத்து அதிகக் காற்றை வெளியே விட்டுவிடும். வயிறு முன்னாலேயே நிற்கும். இழுப்பு ஒரே சீராக இருப்பதால் இடுப்பில் கட்டிய ஹார்னஸ் கொக்கியை பூமில் உள்ள கயிற்றில் மாட்டிக்கொண்டு உடம்பு எடையாலேயே தாங்கலாம். கை வெறுமனே திருப்பத்தான்.

எங்க தாத்தா இன்ஜின் வருவதற்கு முன்னால் பாய் வைத்து வள்ளம் ஓட்டியவர். அப்பா போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். "என்னத்தா, பாயை இப்படித் தொங்கவிட்டுக் கட்டியிருக்காக, கச்சான் அடிச்சா நிக்குமா?" என்றார். நான் விளக்கினதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "காத்து கூடுனா நாங்க தாமான் கயித்தை இளக்குவோம். இவுக பாயே இளகிக்குது" என்றார். எனக்கு ஒரு பக்கம் புரிய வைக்க, தாத்தாவுக்கு ஒரு வரி போதும்.

பையன்கள் கேட்பார்கள், டவுன்ஹாலை இழுக்கவாவது பலம் வேண்டாமா என்று. வேண்டும், வெறும் கையால் இழுத்தால். ஆனால் அங்கே கப்பிகள் வழியாகக் கயிற்றை மூன்று சுற்று விடுகிறார்கள். உராய்வை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ஆறில் ஒரு பங்கு விசை போதும். கப்பிப் பாடத்தில் எல்லோரும் முழு மார்க் வாங்கினோமே! சோம்பல்பட்டுப் பாதி இழுத்துவிட்டவர்தான் கடலில் கையால் மல்லுக்கட்ட வேண்டும்.

இப்போது 8, 9 கணக்குக்கு வருகிறேன். பாயின் அளவு காற்றையும் ஆளின் எடையையும் பார்த்து எடுப்பது. காற்று பலமாக இருந்தால் பயில்வானும் 5 சதுர மீட்டர் பாயைத்தான் எடுப்பார். எடை குறைந்தவருக்குச் சின்னப் பாயே போதும், பலகை சீக்கிரம் எழும்பிவிடும். எங்கள் கடைக்காரர் எடைக்கல்லை மாற்றிப் போடுவது போலத்தான் இது, சலுகை இல்லை. மார்சேயில் பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கிய இத்தாலியின் மார்த்தா மஜெத்தியும் அந்த 8 சதுர மீட்டர் பாயில்தான் தண்ணீருக்கு மேலே பறந்தார். 1976இல் ராபி நைஷ் உலகச் சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 13. நம் பின் பெஞ்சைவிடச் சின்னப் பையன்.

ஒன்றை மறைக்க மாட்டேன். 2008 முதல் டோக்கியோ ஒலிம்பிக் வரை இருந்த பலகையில், காற்று குறைந்தால் பாயைக் கையால் விசிறி விசிறி ஓட்டினார்கள். அதற்குக் கை பலமும் மூச்சும் நிறைய வேண்டும். அதைப் பெண்களும் செய்தார்கள், 8.5 சதுர மீட்டர் பாயோடு.

பி.டி. சாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நெட் கட்டும்போது ஒரு பக்கக் கம்பத்தை எங்களிடம் கொடுங்கள். ஒரு கப்பியும் வேண்டும், தாத்தாவிடம் பழசு இருக்கிறது, கேட்டுவிட்டேன். பையன்கள் பலமாக இழுத்துக் கட்டிய நெட் இந்த வாரமும் நடுவில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.