டிராக்: ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு ஆட்கள்

ஒரு கல்லூரி மாணவன் காலையில் டிராக் பேண்ட் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறான். அங்கே டிராக்கில் நாலு சுற்று ஓடுகிறான். காதில் புதுப்படத்தின் மூன்றாவது டிராக் ஒலிக்கிறது. கையில் கட்டிய பட்டை அவன் எத்தனை அடி வைத்தான் என்று டிராக் செய்கிறது. அறைக்குத் திரும்பியதும், ஆர்டர் போட்ட புத்தகம் எந்த ஊரில் நிற்கிறது என்று டிராக் பண்ணிப் பார்க்கிறான். ஒரே காலை, ஒரே சொல், ஐந்து வேலை!

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது அதிசயமில்லை. தமிழில் 'படி' என்றால் ஏறவும் செய்யலாம், வாசிக்கவும் செய்யலாம், அரிசி அளக்கவும் செய்யலாம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 'டிராக்' விஷயம் அப்படியல்ல. இந்தச் சொல்லுக்குள் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் நடப்பவர், இன்னொருவர் அவர் பின்னால் வருபவர். முதல் ஆளைக் காட்டி இரண்டாவது ஆளை உள்ளே விட்டுவிடுகிறது இந்தச் சொல். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

குளம்பில் தொடங்கிய கதை

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து 15-ஆம் நூற்றாண்டுவாக்கில் வந்தது. முதல் பொருள் கால்சுவடு, குறிப்பாகக் குதிரை நடந்துபோன அடையாளம். பாதை என்ற பொருள் பிறகுதான் வந்தது. பலர் நடந்து நடந்து சுவடே பாதையாகிவிடும் அல்லவா, அதுபோல.

தமிழில் 'தடம்' என்ற சொல்லும் இதே போலத்தான். அதற்குக் காலடி என்றும் பொருள், வழி என்றும் பொருள். யானைகள் நடந்து நடந்து உண்டாக்கியது யானை வழித்தடம். பேருந்து போவதும் வழித்தடம். ரயில் கவிழ்ந்தால் தடம் புரண்டது என்கிறார்கள். ஒருவர் சாதித்தால் தடம் பதித்தார், கெட்டுப்போனால் தடம் மாறினார். இதே குடும்பத்தில் இன்னொரு சொல்லும் உண்டு: தடயம்! போலீஸ்காரர்கள் தேடுவது அதைத்தான். விட்டுப்போன சுவடு அடுத்தவர் கையில் சிக்கினால் அது தடயம் ஆகிவிடும். இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

ஓடுவதற்கும் கேட்பதற்கும் ஒரு டிராக்

விளையாட்டில் டிராக் என்றால் 400 மீட்டர் ஓடுதளம். இந்த அளவு உள்வரிசைக்குத்தான். எட்டாவது வரிசையில் ஒரு சுற்று ஓடினால் 453 மீட்டர் ஆகிவிடும். அதனால்தான் 400 மீட்டர் பந்தயத்தில் எட்டாவது வரிசைக்காரர் உள்வரிசைக்காரரைவிட ஏறக்குறைய 53 மீட்டர் முன்னால் நிற்கிறார். பார்ப்பவருக்கு அநியாயமாகத் தோன்றும். உண்மையில் நியாயத்துக்காகச் செய்த ஏற்பாடு அது.

1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி.உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். ஓட்டக்காரரை இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் இடம் வேறு இல்லை. ஆனாலும் அதைக் கண்காணிப்பு என்று யாரும் சொல்வதில்லை. ஏன்? மூன்று காரணங்கள். அளக்கிறார்கள் என்பது ஓடுபவருக்குத் தெரியும். என்ன விதிப்படி அளக்கிறார்கள் என்பதும் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம், முடிவுக்கோடு ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டியதும் கடிகாரம் நின்றுவிடும். அதற்குப் பிறகு அவர் எங்கே போகிறார், என்ன சாப்பிடுகிறார் என்பது அந்தக் கடிகாரத்துக்குத் தேவையில்லை.

இசைக்கு வருவோம். பீட்டில்ஸ் குழு 1967-ல் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பம் நான்கு டிராக் டேப் இயந்திரங்களில்தான் பதிவானது. இங்கே டிராக் என்பது காந்த நாடாவில் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் கோடுகள். ஒன்றில் குரல், ஒன்றில் தாளம் என்று தனித்தனியாகப் பதியலாம். சிடியில் இன்னொரு வேடிக்கை. பத்துப் பாட்டு இருந்தால் பத்து டிராக் என்கிறார்கள். ஆனால் தகட்டில் உள்ளிருந்து வெளியே சுற்றிச் சுற்றிப் போவது ஒரே ஒரு கோடு. அதை நீட்டினால் 5 கிலோமீட்டருக்கும் மேல் வரும். டிராக் எண் என்பது அந்த நீண்ட சாலையில் நட்ட மைல்கல், அவ்வளவுதான்.

தமிழ் சினிமாக்காரர்களும் இந்தச் சொல்லைச் சும்மா விடவில்லை. கேமராவைத் தள்ளிக்கொண்டு போகத் தரையில் போடும் தண்டவாளம் டிராக். கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் தனியாக ஓடுவது காமெடி டிராக். பெரிய பாடகர் வருவதற்கு முன்னால் பாட்டை ஒருவர் பாடிவைப்பார், அது டிராக் பாடுவது. பெரிய பாடகர் அதைக் கேட்டுப் பாடிய பிறகு முதல் குரலை எடுத்துவிடுவார்கள். ஒரு மனிதர் நடந்து வழிகாட்டுகிறார், பிறகு அவர் சுவடு அழிக்கப்படுகிறது. (சில சமயம் அந்தக் குரலே பிடித்துப்போய்ப் படத்தில் நிலைத்துவிடுவதும் உண்டு.)

இவை எல்லாவற்றிலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. டிராக் என்பது ஒரு பொருள். தரையில் கிடக்கும், நாடாவில் இருக்கும், தகட்டில் இருக்கும். அதன் மேல் யாரோ போகிறார்கள். யாரையும் அது துரத்துவதில்லை.

பெயர்ச்சொல் வினைச்சொல் ஆனபோது

1965-ல் ஜப்பானில் மன்போ-கெய் என்ற கருவி விற்பனைக்கு வந்தது. பத்தாயிரம் அடி எண்ணும் மானி என்று அதற்கு அர்த்தம். இன்றைக்கு எல்லோரும் சொல்லும் தினம் பத்தாயிரம் அடி என்ற கணக்கு பிரபலமானது இந்த விற்பனைப் பெயரால்தான். இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் எண்ணிக்கை காட்டும். அந்த எண்ணிக்கை மாட்டியவரைத் தவிர வேறு யாருக்கும் போகாது.

இன்றைய பட்டையும் அடிதான் எண்ணுகிறது. ஆனால் எண்ணிக்கை அங்கேயே நிற்பதில்லை. போனுக்குப் போகிறது, போனிலிருந்து ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ட்ராவா கதை நல்ல உதாரணம். ஓடுபவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் பயன்படுத்தும் செயலி அது. 2017 நவம்பரில் அந்த நிறுவனம், பயனர்கள் ஓடிய வழிகளை எல்லாம் ஒளிக்கோடுகளாகக் காட்டும் உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. 100 கோடி ஓட்டங்கள், 3 லட்சம் கோடி இடப்புள்ளிகள். யார் பெயரும் அதில் இல்லை. பார்க்க அழகாக இருந்தது.

2018 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார். சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளில் இருண்ட பாலைவனத்துக்கு நடுவே சின்னச் சின்னதாக ஒளி வட்டங்கள். ராணுவ முகாம்களில் சிப்பாய்கள் காலையில் ஓடிய தடங்கள்! முகாம் எங்கே இருக்கிறது, உள்ளே எந்த வழியாக நடமாடுகிறார்கள் என்பது எல்லாம் உலகத்துக்கே தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, பணிக்களங்களில் இருப்பிடம் காட்டும் வசதிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது.

தடம் தடயம் ஆவது இப்படித்தான். சிப்பாய் நினைத்தது ஓட்டம். பதிவானது இருப்பிடம். பயிற்சி பெற்ற ராணுவத்தாலேயே இதை முன்கூட்டி யோசிக்க முடியவில்லை என்றால், பட்டை கட்டிய கல்லூரி மாணவனிடம் எதிர்பார்ப்பது நியாயமா?

தொடராதே என்றால் கேட்பார்களா?

இணையத்திலும் இதே கதைதான். 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி குக்கீயை உருவாக்கினார். கடையில் கூடையில் போட்ட பொருளைத் தளம் மறந்துவிடாமல் இருக்க ஒரு சின்னக் குறிப்பு, அவ்வளவே. பிறகு விளம்பர நிறுவனங்கள் அதே குறிப்பைக் கொண்டு ஒருவரைத் தளத்துக்குத் தளம் தொடர ஆரம்பித்தன.

இதைத் தடுக்க 'டூ நாட் டிராக்' என்று ஒரு வழி 2009-ல் முன்மொழியப்பட்டது. 'என்னைத் தொடராதே' என்று உலாவியே ஒவ்வொரு தளத்துக்கும் சொல்லிவிடும். நல்ல யோசனை. ஆனால் கேட்பதும் கேட்காததும் தளத்தின் விருப்பம்! பெரும்பாலானவை கேட்கவில்லை. அதை வகுத்துக்கொண்டிருந்த பணிக்குழு 2019-ல் மூடப்பட்டது.

2021 ஏப்ரலில் ஆப்பிள் வேறு வழியில் போனது. பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் தொடர வேண்டுமானால் முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்று தன் போன்களில் கட்டாயமாக்கியது. பலர் மறுத்தார்கள். இதனால் 2022-ல் தனக்குச் சுமார் 1000 கோடி டாலர் வருமானம் குறையலாம் என்று மெட்டா நிறுவனம் சொன்னது. கேட்டால் மறுப்பார்கள், கேட்காவிட்டால் தெரியாது. அந்தத் தெரியாமைக்கு ஒரு நிறுவனத்தில் மட்டும் 1000 கோடி டாலர் விலை!

எல்லா டிராக்கிங்கும் கெட்டதா?

இல்லை. பார்சல் எங்கே வருகிறது என்று பார்ப்பதில் தவறில்லை. ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று பார்ப்பது புண்ணியம். பள்ளிப் பேருந்து எங்கே நிற்கிறது என்று தாய் பார்ப்பதைக் குறை சொல்ல முடியாது. தொழில்நுட்பம் வேண்டாம் என்பது வாதமல்ல.

ஆனால் ஓடுதளத்தின் மூன்று விதிகளை இங்கே வைத்துப் பாருங்கள். பார்சல் வீடு வந்ததும் தொடர்வது நிற்கிறது. ரயில் நிலையம் வந்ததும் நிற்கிறது. முடிவுக்கோடு இருக்கிறது. ஆளைத் தொடரும் செயலிக்கு அது எங்கே இருக்கிறது? சாவிக்கொத்தைத் தேட 2021-ல் வந்த ஏர்டேகை எடுத்துக்கொள்ளலாம். அதைப் பெண்களின் பையிலும் காரிலும் தெரியாமல் போட்டுப் பின்தொடர்ந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்தன. கடைசியில் 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து, தெரியாத கருவி ஒன்று கூடவே வந்தால் ஐபோனிலும் ஆண்ட்ராய்டு போனிலும் எச்சரிக்கை வரும்படி செய்தன. சாவியைத் தேடுவதும் ஒரு பெண்ணைத் துரத்துவதும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதன் விலை இது.

இந்தியச் சட்டத்திலும் இந்தச் சொல் இருக்கிறது. 2023-ல் நிறைவேறிய எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சில விலக்குகள் தவிர, குழந்தைகளை டிராக் செய்யக் கூடாது என்கிறது. குழந்தை என்றால் 18 வயது நிரம்பாதவர். நல்ல விதி. ஆனால் பதினெட்டாம் பிறந்தநாள் காலையில் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதற்குப் பிறகு எல்லாம் 'சம்மதம்' என்ற பொத்தானின் கையில். அந்தப் பொத்தானுக்கு மேல் என்ன சொல் எழுதியிருக்கிறது என்பது அதனால்தான் முக்கியமாகிறது.

தமிழில் என்ன சொல்வது?

டிராக்கிங் என்பதைத் தடமறிதல் என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. கேட்கக் கௌரவமாக இருக்கிறது. தடம் நல்ல சொல், தடம் பதித்தவர்களைத்தான் ஊர் பாராட்டுகிறது. பின்தொடர்தல் என்றால் சமூக வலைத்தளத்தில் ரசிகர் செய்யும் வேலை போலத் தோன்றுகிறது. இரண்டுமே ஆபத்தை மறைத்துவிடுகின்றன.

கண்காணிப்பு என்ற சொல் தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதல்ல. 'இந்த இடம் கேமரா மூலம் கண்காணிக்கப்படுகிறது' என்ற பலகையை ஜவுளிக்கடையிலிருந்து தெருமுனை வரை பார்க்கிறார்கள். படித்த உடனே யாரோ பார்க்கிறார்கள் என்று புரிந்துவிடும், எட்டாம் வகுப்பு படித்தவருக்கும் புரியும். ஆகவே முடிவுக்கோடு உள்ளதைத் தடமறிதல் என்று சொல்லட்டும். முடிவுக்கோடு இல்லாமல் ஆளைத் தொடர்வதைக் கண்காணிப்பு என்றே எழுதட்டும். செயலிகளைத் தமிழாக்குபவர்கள், சட்டத்தை மொழிபெயர்ப்பவர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் செய்யக்கூடிய காரியம் இது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், பணம் வேண்டாம்.

'இந்தச் செயலி உங்கள் தடத்தை அறிய விரும்புகிறது' என்று கேட்டால் சரி என்று அழுத்திவிட்டுப் போவார்கள். 'இந்தச் செயலி உங்களைக் கண்காணிக்க விரும்புகிறது' என்று கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்பார்கள்.