ஸாயில் என்றால் யார்?



திங்கட்கிழமை காலையில் ஏதாவது ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். முதியோர் உதவித்தொகை, பட்டா, கபரஸ்தானுக்குப் பாதை என்று ஆளுக்கொரு காகிதத்தோடு வரிசையில் நிற்பார்கள். எந்தக் காகிதத்தைப் பிரித்தாலும் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்ற வரி இருக்கும். கேட்பதோ தன் உரிமையை. கேட்கும் தோரணையோ தர்மம் கேட்பது போல!

இப்படி மனுவோடு நிற்பவருக்கு அரபியில் ஸாயில் என்று பெயர். உருதுவில் விண்ணப்பம் எழுதுபவர் இன்றும் தன்னை ஸாயில் என்றே குறிப்பிடுகிறார். பயான்களில் இந்தச் சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ‘யாசகர்’ என்று பொருள் சொல்வார்கள். நாமும் வாசலில் நிற்கும் மிஸ்கீனை நினைத்துக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறோம்.

அந்தப் பொருள் தவறல்ல. ஆனால் பாதிதான். ஸஅல என்றால் ‘கேட்டான்’. காசு கேட்டாலும் அதுதான், கேள்வி கேட்டாலும் அதுதான். நம் தமிழில் ‘கேள்’ என்பதும் அப்படித்தானே? மார்க்க விஷயத்தில் எழும் கேள்வியை மஸ்அலா என்கிறோம், அதுவும் இந்த வேரில் பிறந்ததே. கேள்வி என்ற பொருளுள்ள ஸுஆல், உருதுவில் ஸவால் ஆயிற்று. தமிழுக்கு வந்ததும் ‘சவால்’ ஆகிவிட்டது! பணிந்து கேட்பவரும் சவால் விடுபவரும் ஒரே வேரைச் சேர்ந்தவர்கள் என்பதை எத்தனை பேர் யோசித்திருப்போம்?

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே வேரில் பெயர் உண்டு. மஸ்ஊல், அதாவது கேட்கப்படுபவர். இன்றைய அரபு நாடுகளில் பொறுப்பிலுள்ள அதிகாரியை இப்படித்தான் அழைக்கிறார்கள். நம் பெரியவர்கள் பேச்சில் சொன்னால் ஜவாப்தாரி. உங்களில் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற கருத்தில் வரும் பிரபலமான நபிமொழியிலும் (புகாரி, முஸ்லிம்) இந்த மஸ்ஊல்தான் இடம்பெறுகிறது.

இனி திருமறைக்கு வாருங்கள். ஸாயிலை விரட்டக் கூடாது என்று அல்லாஹ் தன் தூதருக்கே கட்டளையிடுகிறான் (93:10). பொருள் கேட்டு வருபவர், அறிவு கேட்டு வருபவர் என்று இருவரையும் இது குறிக்கும் என விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். செல்வந்தரின் பொருளில் ஸாயிலுக்கும், இல்லாதிருந்தும் கேட்காமல் இருப்பவருக்கும் பங்கு உண்டு என்று இரண்டு இடங்களில் வருகிறது (51:19, 70:24-25). அங்கே ஆளப்பட்டுள்ள சொல் ‘ஹக்’. உரிமை! சலுகை அல்ல, கருணையும் அல்ல.

கொடுக்கும் கை வாங்கும் கையைவிட மேலானது என்ற ஹதீஸைக் காட்டி, கேட்பதே இழிவு என்று சிலர் வாயடைக்கப் பார்க்கிறார்கள். உழைக்கத் தெம்புள்ளவன் தர்மத்தை நம்பி வாழக் கூடாது என்பதற்கான எச்சரிக்கை அது. வரவேண்டிய பங்கைக் கேட்பவரிடம் அதை ஓதிக் காட்டுவது என்ன நியாயம்? தன் கணவனைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வந்து வாதாடி முறையிட்டார் ஒரு பெண்மணி. அல்லாஹ் அந்த முறையீட்டைச் செவியேற்று வசனம் இறக்கினான். தர்க்கிப்பவள் என்ற பொருளில் அந்த 58-வது அத்தியாயத்துக்கே அல்முஜாதிலா என்று பெயர்.

நாட்டின் சட்டமும் 2005-ல் ஓரளவு இதைப் புரிந்துகொண்டது. தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணம் செலுத்திக் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறாய் என்று காரணம் கேட்க அதிகாரிக்கு அனுமதி இல்லை. அந்த மனுவில் தாழ்மைக்கு வேலையே இல்லை. இருந்தும் பழக்கதோஷத்தில் அதிலும் ‘தாழ்மையுடன்’ எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்!

அரசாங்கத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. வக்ஃபு கடைகளின் வாடகை எவ்வளவு, எங்கே போகிறது என்று ஜமாஅத்தில் ஓர் இளைஞன் எழுந்து கேட்டால் என்ன நடக்கிறது? “நீ யாருப்பா கேட்க? சந்தா கட்டினியா?” என்கிறோம். அவனும் ஸாயில்தான். 93-வது அத்தியாயத்தைத் தொழுகையில் அழகாக ஓதுகிற அதே பள்ளிவாசலில்தான் இந்த விரட்டலும் நடக்கிறது. முத்தவல்லிகளே, அடுத்த ஜும்ஆவுக்கு முன் அந்தக் கணக்கை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அவன் மறுபடியும் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.